குறோணி முதல் கலியன் வரை: அரக்கர் வரிசையும் நம் பயமும்



போன ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பணிவிடை முடிந்த நேரம், எங்கள் தாங்கலுக்கு ஒரு தாய் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைக்கு மூன்று மாதமாகச் சரியான உறக்கம் இல்லை, தனக்குத்தானே பேசுகிறாள். ஒரு மந்திரவாதி, "சின்னப் பேய் போயிற்று, அதற்கு மேலே ஒரு பெரிய பேய் இருக்கிறது" என்று சொல்லி, ஒவ்வொரு பேய்க்கும் தனிப் பூசை, தனிப் பணம் என்று வாங்கியிருக்கிறார். கம்மல் அடகுக்குப் போய்விட்டது. அந்தத் தாய் என்னிடம் கேட்டார்: "அண்ணே, இதுக்கு மேல இன்னும் எத்தனை பேய் இருக்கு?"

இதற்கு அகிலத்திரட்டில் விடை இருக்கிறது.

அரக்கருக்கெல்லாம் வேர் ஒருவனே. அவன் நீடிய யுகத்தில் பிறந்த குறோணி. கடல் நீரைக் குடித்தும் பசி அடங்காமல் கயிலையையே விழுங்கத் துணிந்தவன். மாயோன் தவமிருந்து வரம் பெற்று, அவனை ஆறு துண்டுகளாக வெட்டினார். அந்தத் துண்டுகளே அடுத்த ஆறு யுகங்களிலும் பிறந்தன.

சதுர யுகத்தில் குண்டோமசாலி. நெடு யுகத்தில் தில்லைமல்லாலன், மல்லோசிவாகனன் என்ற இருவர். கிரேதா யுகத்தில் சூரபற்பன், சிங்கமுகாசூரன். அதே யுகத்தில் பின்பு இரணியன். திரேதா யுகத்தில் இராவணன். துவாபர யுகத்தில் துரியோதனன். இந்தக் கலியுகத்தில் கலியன்.

பெயர்கள் பல, ஆனால் உயிர் ஒன்று. ஒவ்வொரு யுகத்திலும் மாயோன் சொன்ன புத்தியைக் கேளாமல் ஆணவத்தோடே மடிந்ததால் மறுபடியும் பிறந்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குண்டோமசாலி மலைபோன்ற உடலோடு வந்தான். தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். இராவணனுக்குப் பத்துத் தலை. துரியோதனனோ பார்வைக்கு நம்மைப் போன்ற மனிதன். கலியன் வந்தபோது, அவன் மாய்கை மனிதர் மனத்துக்குள்ளேயே குடியேறிவிட்டது. வரிசை கீழே வர வர அரக்கன் நமக்கு நெருங்கி வந்திருக்கிறான். ஆகவே இந்த யுகத்தில் அவனை வெளியே தேடினால் கிடைக்க மாட்டான்.

பண்டாரக் கோலத்தில் வந்த மாயோனைப் பார்த்து, ஆயுதமில்லாத பண்டாரத்தோடு எனக்கென்ன சண்டை என்று கலியன் இகழ்ந்தான்; பண்டாரங்களை இடறு செய்யமாட்டேன் என்று சத்தியமும் செய்தான். அதனால் கலியை வெல்ல வாள் வேண்டாம். பொறுமையும் தர்மமும் போதும்.

அப்படியானால் பேய்கள்? அவை கலியின் நிழலில் நிற்கும் சிறு கூட்டம். கொல்லம் 1008 மாசி 20-ஆம் நாள் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வந்த அய்யா, தவமிருந்து, அந்தப் பேய்களின் வலுவை ஒடுக்கி எரித்தார். மந்திர தந்திர வலுவையும் அடக்கினார். ஆடு, கோழி பலியையும் வேண்டாமென்று விலக்கினார். எரிந்து போனதற்கு இன்னமும் கப்பம் கட்டுவானேன்?

இதைத்தான் அந்தத் தாயிடம் என் அறிவுக்கு எட்டியபடி சொன்னேன். "இதுக்கு மேல எதுவும் இல்லை அம்மா. பயம்தான் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது" என்றேன். பிள்ளைக்கு நாமமிட்டு, பதம் கொடுத்தோம். மறுநாளே அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொன்னோம். தாங்கலிலிருந்து ஒருவர் துணைக்கும் போனார். இப்போது அவள் மருந்து சாப்பிடுகிறாள், இரவில் உறங்குகிறாள். கம்மல் இன்னும் மீளவில்லை.

பயம் காட்டிப் பணம் பறித்தவனிடமும் குறோணியின் பசி இருக்கிறது. அந்தக் கதையைக் கேட்டதும் அவனை அடித்து நொறுக்க வேண்டும் என்று எனக்குள் எழுந்த கோபத்திலும் கலி இருந்தது. பள்ளியறையில் கண்ணாடி வைத்திருக்கிறோம். நாமமிட்ட நெற்றியோடு அதன்முன் நிற்கும்போது நமக்குள் இருக்கும் அய்யாவைக் காண்கிறோம். அந்த இடத்தை அடைத்து நிற்கும் கலியையும் அங்கேயே கண்டு விலக்க வேண்டும்.

கேட்டுப் பார்க்க மூன்று கேள்விகள்: இன்று யாரைப் பயமுறுத்தினேன்? யாருக்கு உரியதை விழுங்கினேன்? யார் சொன்ன நல்ல புத்தியைத் தள்ளினேன்?

அய்யா உண்டு.