பள்ளிக்கூடத்துக்கு நாலு சான்றிதழ் எதுக்கு?

கட்டடம் கட்டி போர்டு மாட்டினா பள்ளிக்கூடம் ஆயிடுமா? ஆகாது! தமிழ்நாட்டில் ஒரு தனியார் பள்ளி நடத்த நான்கு சான்றிதழ்கள் வேண்டும்.

1. கட்டட உறுதிச் சான்று: சுவரும் தளமும் உறுதியா இருக்கான்னு பொறியாளர் பார்த்துத் தருவது.
2. கட்டட உரிமம்: 1965-ஆம் ஆண்டின் பொதுக் கட்டட உரிமச் சட்டப்படி தாசில்தார் தருவது.
3. தீயணைப்புத் துறைச் சான்று: தீயணைக்கும் கருவி, அவசர வழி இருக்கான்னு பார்ப்பாங்க.
4. சுகாதாரச் சான்று: குடிநீர், கழிப்பறைக்கு.

"இத்தனை பேப்பரா?"ன்னு நானும் முதல்ல நினைச்சேன். சமூக அறிவியல் சார் கும்பகோணம் பற்றிச் சொன்னார்.

2004 ஜூலை 16. அங்கே ஒரு பள்ளியில் சமையலறையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. மாடியில் சின்னப் பிள்ளைகள். இறங்குற படியோ குறுகல். காலையில் பையோடு கிளம்பிய 94 குழந்தைகள் வீடு திரும்பவே இல்லை. அதுக்கப்புறம்தான் பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்ற அரசு உத்தரவிட்டது.

சான்று வாங்குவது பெரியவங்க வேலை. வழியை அடைக்காம இருப்பது நம்ம வேலை. மாடிப்படியில் உடைஞ்ச பெஞ்ச், வாசலில் சைக்கிள் வைக்காதீங்க.

உங்க வகுப்பிலிருந்து வெளியே போக எத்தனை வழி? இன்னைக்கே எண்ணிப் பாருங்க!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு