மாடலன் வேஷம் கிடைத்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சித்திரை முழுநிலவுக்குப் பூம்புகார்க் கடற்கரையில் நீங்கள் போடும் சிலப்பதிகார நாடகத்தில் கோவலன் வேஷம் உன் கூட்டாளிக்குப் போய்விட்டது. உனக்கு மாடலன். போதாததற்கு அரங்கேற்றம் முடிந்த பின் வரும் தெருக்காட்சியில் நகரத்து இளைஞர்களில் ஒருவனாகவும் நிற்க வேண்டும். சின்ன வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்தவனோடு இப்போது பேச்சுவார்த்தை இல்லை என்று எழுதியிருக்கிறாய். உன்னைச் சமாதானப்படுத்த நான் எழுதவில்லை. உனக்குக் கிடைத்த இரண்டு வேஷங்களையும் நீ இன்னும் சரியாகப் படிக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தெருக்காட்சி. மாதவி ஏழு ஆண்டுகள் பயின்று பன்னிரண்டு வயதில் அரங்கேறுகிறாள். சோழ மன்னன் 1008 கழஞ்சு பொன் பரிசு தருகிறான். அதன் பிறகு நடப்பதைத்தான் பெரும்பாலான குழுக்கள் அவசரமாகத் தாண்டிவிடுகின்றன. ஒரு கூனி மாதவியின் மாலையை எடுத்துக்கொண்டு போய், செல்வர் வீட்டு இளைஞர்கள் உலாவும் தெருவில், விற்க வந்தவளைப் போல நிற்கிறாள். விலை அதே 1008 கழஞ்சு. வாங்குகிறவன் மாதவிக்கு உரியவன். இளங்கோ இதைச் சில வரிகளில் சொல்லி, கோவலன் வாங்கினான் என்று முடித்துவிடுகிறார். மற்ற இளைஞர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்லவில்லை. எழுதாமல் விட்ட அந்த இடம் உன்னுடையது.

யோசித்துப் பார். திருமணத்தின்போது கோவலனுக்கு வயது பதினாறு, கண்ணகிக்குப் பன்னிரண்டு. இந்த மாலை தெருவுக்கு வரும்போது அதன் மேல் சில ஆண்டுகள்தான் போயிருக்கின்றன. அவனைச் சுற்றி அவன் வயதுப் பையன்கள், எல்லார் வீட்டிலும் பணம், எல்லார் கண்ணும் ஒரே மாலையில். அவன் மாதவியை விரும்பித்தான் கையை நீட்டினானா, பக்கத்தில் நிற்பவன் முந்திவிடக் கூடாது என்று நீட்டினானா? இரண்டும் கலந்துதான் இருக்கும் என்பது என் கட்சி. அதைக் கோவலனாக நடிப்பவன் தனியே காட்ட முடியாது. கூட்டத்தில் ஒருவன் அந்த மாலையை உண்மையாகவே ஆசைப்பட்டுப் பார்க்க வேண்டும். அவன் கை இடுப்பு முடிச்சு வரை போய் நிற்க வேண்டும். அப்போதுதான் கோவலன் கொடுக்கும் பொன்னுக்குக் கனம் வரும். உன் கூட்டாளி மேல் உனக்கிருக்கும் பொறாமையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்டிருந்தாயே, அங்கே வை. முழுவதையும் வை.

புகார் அப்படிப்பட்ட ஊர்தான். மருவூர்ப்பாக்கம் ஒரு பக்கம், பட்டினப்பாக்கம் ஒரு பக்கம், நடுவே நாளங்காடி. அந்த இடைநிலத்தை இரண்டு வேந்தர்கள் மோதும் போர்க்களத்துக்கு ஒப்பிடுகிறார் இளங்கோ. இந்திர விழாவில் அங்குள்ள பூதத்துக்குத் தங்களையே பலிகொடுக்க இரு பாக்கத்து வீரர்களும் நான் முந்தி நீ முந்தி என்று ஓடுகிறார்கள். பட்டினப்பாலையைப் படித்தால், இதே கடற்கரை மணலில் இளைஞர்கள் கையாலும் ஆயுதத்தாலும் மோதுவதையும், அவர்கள் கவண்கல்லுக்குப் பயந்து பனைமரத்துப் பறவைகள் பறப்பதையும் காணலாம். மட்டக்களப்புக் கண்ணகி கோயில் ஊர்களில் கொம்புமுறி விளையாட்டு உண்டு. கோவலன் கட்சி வடசேரி, கண்ணகி கட்சி தென்சேரி என்று ஊரே இரண்டாகப் பிரிந்து, கொம்புகளைக் கொளுவி, ஒன்று முறியும் வரை இழுப்பார்கள். எதிர்க்கட்சியைக் கேலி செய்து பாடுவார்கள். நம் கதையோடு போட்டியும் சேர்ந்தேதான் கடல் தாண்டிப் போயிருக்கிறது.

ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டில் வெரோனா நகரத்து இளைஞர்கள் தெருவில் கிண்டலில் தொடங்கி வாளில் முடிக்கிறார்கள். நண்பனுக்காக ரோமியோ கொலை செய்கிறான், அதிலிருந்து எல்லாம் சரிகிறது. நம் கதையில் இளைஞர்களுக்குள் அப்படி ஒரு வாளும் உருவப்படவில்லை. இங்கே கேடு வேறு விதம். புகார்த் தெருவில் உலவும் தென்றலை, பாணரோடும் நகரத்துக் காமுகரோடும் திரிகிற கோவலனுக்கு ஒப்பிடுகிறார் இளங்கோ. அந்தக் கூட்டத்தை நன்றாக நினைவில் வை. பொருளெல்லாம் தொலைத்து, விடியும் முன் மனைவியோடு அவன் ஊரைவிட்டுப் போகிறான். அந்தத் தோழர்களில் ஒருவன்கூட அவனைத் தேடி வருவதாகக் காப்பியத்தில் இல்லை.

தேடி வருபவன் கோசிகன், மாதவியின் கடிதத்தோடு. வழியில் தற்செயலாக எதிர்ப்படுபவன் மாடலன். இனி உன் வேஷத்துக்கு வருகிறேன்.

மாடலன் தலைச்செங்கானத்து மறையவன். பூம்புகாரிலிருந்து ஆக்கூர்ப் பக்கம் போகும்போது வரும் தலைச்சங்காடுதான் அந்த ஊர் என்பார்கள். உன் ஊருக்கு அடுத்த ஊர்க்காரன் என்று வைத்துக்கொள். குமரியாடிவிட்டுத் திரும்பும் வழியில் மதுரைப் புறஞ்சேரியில் கோவலனைப் பார்க்கிறான். கோவலன் அவன் காலில் விழுகிறான். அதனால் தோளில் கைபோட்டுப் பேசும் தோழனாக நடிக்காதே. வயதும் மரியாதையும் இடையில் இருக்கிற நட்பு இது.

கோவலனைப் பற்றி அதுவரை நமக்குத் தெரியாததை அவன்தான் சொல்கிறான். யானையின் கையில் சிக்கிய முதிய மறையவனை மீட்டவன், கீரியைக் கொன்றுவிட்டுக் கணவனால் கைவிடப்பட்ட பெண்ணுக்குப் பொருள் கொடுத்து அவள் குடும்பத்தைச் சேர்த்துவைத்தவன், பொய்ச்சாட்சி சொன்னவனைப் பூதம் பிடித்தபோது அவனுக்குப் பதிலாகத் தன் உயிரைத் தருகிறேன் என்று முன்னால் போனவன். அந்த நிமிடம் வரை பார்வையாளர்கள் கோவலனை ஊதாரி என்றே நினைத்திருப்பார்கள். நீ பேசி முடித்த பிறகுதான் அவன் சாவு அவர்களுக்கு வலிக்கும். உன் கூட்டாளியின் வேஷத்தைத் தூக்கி நிறுத்துவது உன் வசனம்.

பிறகு கோவலன் தன் கெட்ட கனவைச் சொல்கிறான். உடையைப் பறிகொடுத்து, கொம்புள்ள விலங்கின் மேல் போவதாகக் கண்ட கனவு. அதை அவன் கண்ணகியிடம் சொல்லவில்லை, மாடலனிடம் சொல்கிறான். அந்தக் கனவைக் கேட்டும் மாடலனும், வழித்துணையாக வந்த துறவி கவுந்தியடிகளும் என்ன சொல்கிறார்கள்? இது துறவிகள் தங்கும் இடம், பொழுது சாய்வதற்குள் மதுரைக்குள் போ என்கிறார்கள். நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள். அங்கேதான் அவன் வெட்டுப்படுகிறான்.

செய்தியைப் புகாருக்குக் கொண்டுபோனதும் மாடலன்தான். கேட்டதும் கோவலனின் தந்தை மாசாத்துவான் எல்லாவற்றையும் தானம் செய்துவிட்டுப் பௌத்தத் துறவியாகிறான். கண்ணகியின் தந்தை மாநாய்கன் ஆசீவகரோடு சேர்கிறான். இரண்டு தாய்மாரும் உயிரை விடுகிறார்கள். தன் வாய்ச்சொல் கேட்டு உயிர்கள் போனதால் கங்கையில் நீராடித் தீர்க்க வந்தேன் என்று, கங்கைக் கரையில் சேரன் செங்குட்டுவனிடம் மாடலன் சொல்கிறான். சேரன் தன் எடைக்கு எடை ஐம்பது துலாம் பொன் கொடுக்கிறான். அந்தப் பொன்னை மாடலன் எந்த முகத்தோடு வாங்குகிறான்? அதற்கு விடை கண்டுபிடிக்கவே உனக்கு இந்த ஒத்திகை நாட்கள் போதாது. இதையா சின்ன வேஷம் என்கிறாய்?

சங்கரதாஸ் சுவாமிகளின் பாய்ஸ் கம்பெனிக்கு 1918இல் வந்து சேர்ந்த சிறுவன் டி.கே. சண்முகம். ராஜபார்ட்டுக்குத் தவம் கிடக்கும் உலகம் அது. பின்னாளில் நாடு அவரை எந்தப் பெயரில் நினைவு வைத்தது? ஒரு கிழவி வேஷத்தின் பெயரில், அவ்வை சண்முகம் என்று. அவர் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’யைத் தேடிப் படி.

இனி வேலையைப் பற்றி. கனவுக் காட்சியில் உனக்கு வசனம் குறைவு, கேட்பதுதான் வேலை. வெளியே பேசாத இருவர் அந்தக் காட்சியை நடித்தால் முன்வரிசைக்கே தெரிந்துவிடும். ஆகவே நாளைக்கே அவனிடம் போ. மன்னிப்பு எதுவும் வேண்டாம், வேலையைப் பேசு. கனவை உன் காதோடு சொல்லிப் பார்க்கச் சொல், மைக் இல்லாமல், வசனம்போல் இல்லாமல். மாலை வாங்கும் இடத்தில் பொன்னை எடுப்பதற்கு முன் ஒரு முறை உன்னைத் திரும்பிப் பார்க்கச் சொல். இயக்குநரிடம் இருவரும் சேர்ந்தே கேளுங்கள், மறுக்க மாட்டார்.

சித்திரையில் சாயங்காலம் கடற்காற்று பலமாக இருக்கும். கடலுக்கு முதுகு காட்டி நின்று பேசு, காற்றே உன் சொல்லைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகும். கிழவன் குரல் வைக்காதே, தாடியும் வேண்டாம். குமரியிலிருந்து நடந்து வந்தவன் என்பது காலில் தெரியட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்