ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல்
(தெல்தெனியப் பகுதிக் கமக்காரருக்கு)

நெற்செய்கையோடும் மரக்கறிச் செய்கையோடும் பன்றி வளர்க்கும் கமக்காரருக்கு அப்பன்றிகள் ஒரு கைமுதலாகும். அம்முதலைச் சில நாட்களுள் அழிக்கவல்லது ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 1921 ஆம் ஆண்டில் கென்யாவில் முதன்முதல் விவரிக்கப்பட்ட இந்நோய், 2018 இல் சீனாவிலும் 2020 இல் இந்தியாவிலும் தோன்றி, 2024 இல் இலங்கையையும் அடைந்தது. இது மனிதரைப் பீடிப்பதில்லை. ஆயினும் இதனை ஊர்விட்டு ஊர் கொண்டு செல்பவர் பெரும்பாலும் மனிதரே.

காவற் குழியங்கள் கெடுதல்

பன்றியின் உடலிற் புகும் கிருமிகளை விழுங்கி அழிப்பன தின்குழியங்கள். வயலுக்குக் காவற்காரன் எவ்வாறோ, உடலுக்கு இவை அவ்வாறாம். இந்நோயின் வைரசோ இக்காவற் குழியங்களினுள்ளேயே நுழைந்து பெருகுகின்றது; பின்பு குருதிவழியே மண்ணீரலையும் நிணநீர்க்கணுக்களையும் சேர்கின்றது. தாக்குண்ட தின்குழியங்கள் அழற்சி தரும் பதார்த்தங்களை அளவின்றிச் சுரக்கின்றன. அதனால், வைரசு தீண்டாத நிணநீர்க்குழியங்களும் திரளாக மடிகின்றன. உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகளும் இவ்வைரசை முற்றாக அடக்குவதில்லை.

குருதிக்கலன்கள் பழுதடைதல்

குருதிக்கலன்களின் உட்புறத்தை அகவணிக் குழியங்கள் மெல்லிய படையாக மூடியுள்ளன. வரம்பு வயல்நீரைக் காப்பதுபோல இவை குருதியைக் காக்கின்றன. மேற்கூறிய பதார்த்தங்களால் இவை முதலிற் பழுதடைகின்றன. நோய் முற்றியபின் வைரசு இவற்றினுள்ளும் நேரே புகுகின்றது. சில நுண்கலன்களிற் குருதி உறைந்து அடைபடுகின்றது. குருதியை உறையச் செய்யும் சிறுதட்டுக்கள் குறைந்துவிடுவதால் வேறிடங்களிற் குருதி கசிகின்றது.

அடையாளங்கள்

உடல்வெப்பம் 40 முதல் 42 பாகை செல்சியசு வரை ஏறும். பன்றி தீன் உண்ணாது ஒடுங்கிக் கிடக்கும். செவி, வயிறு, தொடை ஆகியவற்றின் தோல் சிவந்து பின் நீலநிறமாகும். சாணத்திற் குருதி காணலாம், சினைப்பன்றி கருச்சிதைவுறலாம். கடும் நோயில் ஏறக்குறைய எல்லாப் பன்றிகளும் மடியும். பன்றிக் கொலராவும் இவ்வாறே தோன்றுமாதலின், ஆய்வுகூடப் பரிசோதனையாலன்றிக் கண்ணாற் பிரித்தறிய இயலாது.

கமக்காரர் செய்யத்தக்கவை

நோய் கண்டபின் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆதலின் வருமுன் காத்தலே வழி.

1. உணவுக்கடை எச்சிலையும் இறைச்சிக் கழிவையும் பன்றிக்கு இடலாகாது. உறையவைத்த இறைச்சியில் இவ்வைரசு பல மாதங்கள் அழியாதிருக்கும்.

2. பயிரைக் கிண்டும் காட்டுப்பன்றிக்கும் இந்நோய் உண்டு. இறந்த காட்டுப்பன்றியைத் தொடுதலும், அதன் ஊனைப் பட்டிக்குக் கொணர்தலும் தகா. பட்டியைச் சுற்றி உறுதியான வேலி வேண்டும்.

3. பிற பட்டிகளுக்குச் சென்றவர் காலணியும் உடையும் மாற்றாது உள்ளே வரலாகாது. பிறர் பட்டிப் பன்றிச் சாணத்தைத் தோட்டப் பசளைக்காகக் கொணர்தலும் ஆகாது.

4. ஐயம் தோன்றியவுடன் பகுதி அரச மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் கன்னொறுவையில் உள்ளது.

5. நோயுற்றதை மலிவாக விற்பவர் தம் இழப்பை அயலாருக்கும் பகிர்ந்தளிப்பவராவர். இறந்த பன்றியை விக்டோரியா நீர்த்தேக்கத்திற்குச் செல்லும் ஓடைகளில் எறியாது, மிருக வைத்தியர் கூறும் இடத்தில் சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைத்தல் வேண்டும்.

ஒரு பட்டியிற் காக்கும் கவனம் ஊர் முழுவதன் பட்டிகளையும் காக்கும்.