காண்ட்ராக்ட் என்று சொன்னால் போதுமா?

கேள்வி: காப்பாரில் இரும்புப் பட்டறை நடத்துகிறேன். வெல்டர் ஒருவரைச் சம்பளப் பட்டியலில் சேர்க்காமல் காண்ட்ராக்டில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: அவர் உண்மையிலேயே காண்ட்ராக்டர் என்றால் தாராளமாக. 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த மலேசிய வேலைச் சட்டத் திருத்தத்தில் 101சி என்றொரு பிரிவு உண்டு. எழுத்துப்பூர்வ வேலை ஒப்பந்தம் இல்லாமல் வழக்கு வந்தால், நடைமுறையைத்தான் பார்ப்பார்கள். வேலை நேரத்தை நீங்கள் முடிவு செய்கிறீர்களா? வெல்டிங் மெஷின் உங்களுடையதா? மாதாமாதம் நீங்கள் கொடுப்பதுதான் அவருடைய பெரும்பங்கு வருமானமா? அப்படியென்றால் அவர் தொழிலாளியே. இல்லையென்று நிரூபிப்பது உங்கள் பாடு. தொழிலாளி என்றானால், 5,000 வெள்ளி வரையிலான சம்பளத்துக்கு முதலாளி பங்கு இபிஎஃப் (சேமநிதி) 13 விழுக்காடு, கூடவே சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) சந்தாவும் நீங்கள் கட்ட வேண்டும்.

சொந்தச் சாமான்களோடு வந்து, வேலைக்கு இவ்வளவு என்று பில் போட்டு, மற்றப் பட்டறைகளுக்கும் போகிறவர் விஷயம் வேறு. ஆனால் தீப்பொறி கண்ணில் பட்டால் அவர் குடும்பம் என்ன செய்யும்? சொக்சோவின் சுயதொழில் திட்டத்தில் சேர்ந்திருக்கிறாரா என்று கேட்ட பிறகே வேலையைக் கொடுங்கள்.