மாசிக் குட்டியே லாபக் குட்டி

ஆடு வளர்ப்பில் லாபமா, நட்டமா என்பது குட்டி பிறந்த முதல் பத்து நாட்களிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. நான்கு பெட்டை ஆடுகள் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு இரண்டு குட்டிகள் இறந்தால், அந்த ஈற்றின் லாபமே போய்விடும். இந்த இழப்பில் பெரும்பகுதியைத் தடுக்கலாம். அதற்கு முதல் வழி, குட்டி பிறக்கும் மாதத்தை ஆட்டின் விருப்பத்துக்கு விடாமல் விவசாயியே தீர்மானிப்பதாகும்.

பருவம் ஏன் முக்கியம்?

லடாக்கின் சாங்தாங் மேட்டு நிலத்தில் பஷ்மினா கம்பளி தரும் ஆடுகள் வளர்க்கப்படுகின்றன. பகல் பொழுது குறையத் தொடங்கியதும் அவை பருவத்துக்கு வந்து, குளிர் தணியும் வசந்த காலத்தில் குட்டி ஈனுகின்றன. அங்கே சூரியனே நாள் குறித்துக் கொடுக்கிறது.

சென்னையில் அப்படி அல்ல. நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இங்கு வேறுபாடு சுமார் ஒன்றரை மணி நேரமே. ஆகவே நம் ஆடுகள் ஆண்டு முழுவதும் பருவத்துக்கு வரும். எந்த மாதத்திலும் குட்டி போடும். வசதி போல் தோன்றும் இதில்தான் ஆபத்தும் இருக்கிறது. கிடா தன்னிச்சையாக மந்தையில் திரிந்தால், ஆனியில் சினையான ஆடு கார்த்திகையில் ஈனும். அது வடகிழக்குப் பருவமழையின் உச்சம். ஈரத் தரையில் பிறக்கும் குட்டி சளியாலும் கழிச்சலாலும் மடிகிறது.

புரட்டாசியில் சேர்த்தால் மாசியில் குட்டி

ஆட்டின் சினைக்காலம் சுமார் 150 நாட்கள். புரட்டாசியில் கிடாவுடன் சேர்த்தால் மாசியில் குட்டி கிடைக்கும். இதில் மூன்று நன்மைகள் உண்டு.

முதலாவது, ஐப்பசி முதல் தை வரை மழையால் தழையும் புல்லும் செழித்திருக்கும். சினை ஆட்டுக்குப் பசுந்தீவனம் தேவைப்படும் காலமும் அதுவே. இரண்டாவது, மாசியில் தரை காய்ந்திருக்கும். வெயிலும் கொடுமையாக இராது. மூன்றாவது, மாசிக் குட்டி ஐப்பசியில் எட்டு மாத வயதை எட்டும். அப்போது தீபாவளிச் சந்தை கைகொடுக்கும்.

ஒரு குறையும் உண்டு. மூன்று மாதத்தில் பால் மறக்கும் குட்டி, வைகாசி வெயிலில் பசுந்தீவனம் இன்றித் தவிக்கும். கடலைக் கொடியையும் உலர்ந்த தழையையும் தை மாதத்திலேயே சேர்த்து வைத்தால் இக்குறை நீங்கும்.

கிடாவை மற்ற மாதங்களில் தனியே கட்ட வேண்டும். 20 முதல் 25 பெட்டைகளுக்கு ஒரு கிடா போதும். தன் மகளுடனேயே சேராதிருக்க, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கிடாவை மாற்றுவது அவசியம். கிடாவுடன் சேர்ந்த பெட்டை 18 முதல் 21 நாட்களில் மீண்டும் பருவத்துக்கு வந்தால் சினை நிற்கவில்லை என்று பொருள். சேர்த்த தேதியைச் சுவர்க் காலண்டரிலேயே குறித்து வைக்கலாம்.

கடைசி ஆறு வாரம்

வயிற்றிலுள்ள குட்டி மிக வேகமாக வளர்வது கடைசி இரண்டு மாதங்களில்தான். இரட்டைக் குட்டி சுமக்கும் ஆட்டுக்கு வயிற்றில் இடம் குறைந்து, தழையை முன்போல் தின்ன முடியாது. ஆகவே தவிடு, புண்ணாக்கு, உடைத்த தானியம் கலந்த அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, நாளொன்றுக்கு 200 முதல் 300 கிராம் வரை கொடுக்க வேண்டும். தாது உப்பும் சேர்ப்பது நல்லது. சவுண்டல் தழை மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அகத்தி, வேம்பு, ஆலந்தழைகளையும் கலந்து கொடுக்கலாம்.

ஈனுவதற்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன் துள்ளுமாரி நோய்க்குத் தடுப்பூசி போட்டால், அதன் எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியே குட்டிக்கும் சேரும். குடற்புழு மருந்தைக் கால்நடை மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். சில மருந்துகள் இளஞ்சினையில் கேடு செய்யும்.

நகரத்து ஆட்டுக்குத் தனி எச்சரிக்கை

இன்று தியாகராய நகர் இருக்கும் இடம் 1920-களுக்கு முன் ஏரியாக இருந்தது. அடையாறு, மயிலாப்பூர் பகுதிகளிலும் வயலும் தோட்டமும் மறைந்து வீடுகள் வந்துவிட்டன. கரையோரக் குடியிருப்புகளிலும் சந்துகளிலும் ஆடு வளர்ப்போர், அவற்றைத் தெருவில் அவிழ்த்து விடுவது வழக்கம். சினை ஆட்டுக்கு இதில் மூன்று ஆபத்துகள் காத்திருக்கின்றன.

மாசி, பங்குனி முகூர்த்த மாதங்கள். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவில், அறுபத்து மூவர் நாளன்று மாட வீதிகளில் அன்னதானம் நடைபெறும். மிஞ்சிய சோற்றை ஆடு வயிறு முட்டத் தின்றால், அது இரைப்பையில் புளித்து அமிலமாகிறது. ஆடு அசை போடாது, பல்லைக் கடிக்கும், புளித்த வாடையுடன் கழியும். சினை ஆடு குட்டியை வீசிவிடலாம், இறந்தும் போகலாம். உடனே சுமார் 15 கிராம் சமையல் சோடாவை அரை லிட்டர் நீரில் கரைத்து, புரை ஏறாதபடி தலையை அதிகம் தூக்காமல் மெதுவாகப் புகட்டி, மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

இரண்டாவது ஆபத்து அரளி. கோயில் அருகே குப்பையில் கிடக்கும் மாலையில் அரளிப் பூவும் இலையும் இருக்கும். சிறிதளவே இதயத்தை நிறுத்தக்கூடிய நஞ்சு அது. மூன்றாவது பிளாஸ்டிக் பை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தடை செய்யப்பட்டிருந்தாலும், குப்பையில் அது முற்றிலும் ஒழியவில்லை. ஆகவே கடைசி ஆறு வாரமாவது சினை ஆட்டைக் கட்டி வைத்துத் தீவனம் போடுவதே பாதுகாப்பு.

ஈனும் வேளை

மடி பெருத்து, வாலடிச் சதை தளர்ந்து, ஆடு தனியே ஒதுங்கித் தரையைக் கிளறினால் நேரம் நெருங்கிவிட்டது. உலர்ந்த வைக்கோல் பரப்பிய, காற்று நேரே வீசாத இடத்தில் விட வேண்டும். முன்னங்கால் இரண்டும் அவற்றின் மேல் மூக்கும் முதலில் தெரிந்தால் நல்ல பிரசவம். கை வைக்க வேண்டியதில்லை. பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரம் முக்கியும் குட்டி வராவிட்டால், இழுத்துப் பார்க்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். நஞ்சுக்கொடி 12 மணி நேரத்துக்குள் விழாவிட்டாலும் அப்படியே. நஞ்சுக்கொடியைக் கையால் இழுப்பது தாய்க்கே ஆபத்தாகும்.

குட்டியின் மூக்கு, வாய்ச் சளியைச் சுத்தமான துணியால் துடைத்துத் தாயை நக்க விட வேண்டும். தொப்புள் கொடியை உடலிலிருந்து மூன்று செ.மீ. விட்டு, சுத்தமான நூலால் கட்டிக் கீழே வெட்டி, டிங்சர் அயோடினில் நனைக்க வேண்டும். சாணமோ சாம்பலோ பூசினால் ரண ஜன்னி வரக்கூடும்.

சீம்பாலே முதல் மருந்து

தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கருவிலிருக்கும் குட்டிக்குச் செல்வதில்லை. சீம்பால் வழியாகவே கிடைக்கிறது. அதை ஏற்கும் திறன் குட்டியின் குடலுக்கு முதல் நாளோடு முடிந்துவிடும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருப்பது பெரும் தவறு. முதல் ஒரு மணி நேரத்துக்குள் குட்டி சீம்பாலைக் குடித்தாக வேண்டும். இரண்டு கிலோ எடையுள்ள குட்டிக்கு முதல் நாளில் மூன்று, நான்கு வேளையாகச் சுமார் 200 மில்லி தேவை. இரட்டையில் நோஞ்சான் குட்டியைக் கையால் பிடித்து மடியில் விட வேண்டும். விட்டுவிட்டால் வலுத்த குட்டியே முழுவதையும் குடித்துவிடும்.

மூன்றாம் வாரத்திலிருந்து இளந்தழையைக் கட்டித் தொங்க விடலாம். தரை ஈரமானால் ரத்தக் கழிச்சல் வரும். நாள்தோறும் பெருக்கி உலர வைப்பது அவசியம். முதல் குடற்புழு மருந்தின் நாளை மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியை மூன்று, நான்கு மாத வயதில் போட வேண்டும்.

அவசரத்துக்கு, 1903-ல் தொடங்கிய வேப்பேரி சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. 1962 என்ற எண்ணில் கால்நடை அவசர ஊர்தியையும் அழைக்கலாம்.

புரட்டாசியில் பலர் அசைவம் தவிர்ப்பதால் ஆட்டுச் சந்தை மந்தமாக இருக்கும். விற்க முடியவில்லையே என்று அந்த மாதத்தை வீணாக்காமல், கிடாவைப் பெட்டைகளுடன் சேர்க்கும் மாதமாக்கிக் கொண்டால், மாசியில் குட்டி காய்ந்த தரையில் பிறக்கும். அடுத்த தீபாவளிக்குப் பணமும் கைக்கு வரும்.