பழைய டேப்லெட்டும் பறக்கும் டிரோனும்

விஞ்ஞானக் கருவிகளுள் சில, பிறிதொரு கருவியின் வேலையையும் தாமே செய்வது போன்ற தோற்றத்தைத் தரும். டிரோனுடன் இணைத்துப் பயன்படுத்தும் டேப்லெட் அத்தகையது. அதன் திரையில் விமானம் நகர்கிறது. அதன் திரையில் உயரமும் வேகமும் தெரிகின்றன. ஆதலால் விமானத்தைப் பறக்கவிடுவதே டேப்லெட்தான் என்று நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். இவ்வெண்ணம் பிழையானது. அதனை ஒரு நண்பகலில் அச்சத்தோடு கற்றுக்கொண்டேன்.

நம் மாணவ நண்பர்களுள் நிலவியல், புவியியல், தாவரவியல் முதலிய துறையினர் இன்று களப்பணிக்கு டிரோனைக் கொண்டு செல்கின்றனர். டிரோன் வாங்க எப்படியோ பணம் கிடைத்துவிடுகிறது. டேப்லெட்டுக்குக் கிடைப்பதில்லை. ஆறேழு ஆண்டுகளுக்கு முன் வேறு பணிக்காக வாங்கி அலமாரியில் கிடந்த ஒன்றே கைக்கு வருகிறது. டிரோனை இயக்கும் செயலிகளோ ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே போகின்றன. “புதியது வாங்கினாலன்றி வழியில்லை” என்பார் கடைக்காரர். “ஓடுகிறவரை ஓடட்டும்” என்பார் அலுவலகத்தார். இரண்டுமே முழு உண்மையல்ல என்பதை இங்குக் காட்ட முயல்கிறேன்.

எடாவாவில் ஒரு நண்பகல்

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் உரிய அனுமதியுடன் உத்தரப் பிரதேசத்து எடாவா மாவட்டத்திற்குச் சென்றிருந்தோம். யமுனைக் கரையில் மழைநீர் மண்ணை அரித்து உண்டாக்கிய ஆழ்ந்த பள்ளங்கள் அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கின்றன. ஒரு மழைக்காலத்தில் ஒரு பள்ளம் எவ்வளவு வளர்கிறது என்பதே என் ஆய்வு. மழைக்கு முன் ஒரு படம், மழைக்குப் பின் ஒரு படம்; இரண்டையும் ஒப்பிட்டால் அரிபட்ட மண்ணின் அளவு தெரிந்துவிடும். ஜூன் மாத இறுதியில் மழை தொடங்கும். அதற்குள் முதற்படம் எடுக்காவிடின் ஓராண்டு காத்திருக்க வேண்டும். முதுகலைப் படிப்பே ஈராண்டுதான். ஆகவே முதற்படம் இல்லையென்றால் ஆய்வே இல்லை.

பள்ளங்களுக்குள் நிழல் விழக்கூடாது என்பதற்காக நண்பகலைத் தேர்ந்தோம். வெப்பம் 40 டிகிரிக்கு மேல். டிரோன் 60 மீட்டர் உயரத்தில், உழவர் சால் ஓட்டுவதுபோல் வரிசை வரிசையாகச் சென்று படமெடுத்துக்கொண்டிருந்தது. பதினோராம் நிமிடத்தில் டேப்லெட்டின் காட்சி தயங்கியது; பின் உறைந்தது; பின் திரை முழுதும் கறுத்துவிட்டது. அதற்குச் சற்று முன்புதான் பேட்டரி 38 விழுக்காடு என்று காட்டியது.

நான் டேப்லெட்டின் பொத்தானை அழுத்திக்கொண்டே நின்றேன். விமானம் விழுந்தொழிந்தது என்றே மனம் சொல்லிற்று. துணைக்கு வந்திருந்த எங்கள் ஆய்வகப் பணியாளர் வயது முதிர்ந்தவர். இந்தி ஒன்றே அறிந்தவர். அவர் என் தோளைத் தட்டி, “பேட்டா, அதோ இருக்கிறதே” என்று வானத்தைக் காட்டினார். கைப்புண்ணுக்குக் கண்ணாடி தேடியவன் கதையாயிற்று என் கதை. டிரோன் விழவில்லை, நின்ற இடத்திலேயே அசையாது நின்றுகொண்டிருந்தது. ரிமோட்டில் ‘வீடு திரும்பு’ என்பதற்குரிய பொத்தானை அழுத்தினேன். அது புறப்பட்ட இடத்திற்கே வந்து இறங்கிற்று.

விமானத்தை ஓட்டுவது எது?

டேப்லெட் அணைந்த பின்னும் டிரோன் எவ்வாறு நின்றது? அதன் உடலுக்குள்ளேயே ஒரு சிறு கணினி இருக்கிறது. சுழற்சி, முடுக்கம், காற்றழுத்தம் ஆகியவற்றை அளக்கும் உணர்விகளும், இடங்காட்டும் ஜி.பி.எஸ். கருவியும் அதனோடு இணைந்துள்ளன. அவை தரும் செய்திகளைக் கொண்டு அச்சிறு கணினி ஒவ்வொரு மோட்டாரின் வேகத்தையும் ஓயாது திருத்திக்கொண்டிருக்கிறது. ஆர்டுபைலட் என்னும் திறந்த மூல நிரலில், நான்கு விசிறிகளையுடைய டிரோனுக்கு இத்திருத்தம் வழக்கமாக நொடிக்கு 400 முறை நடைபெறும். தரையில் நம் கையிலுள்ள டேப்லெட் இதில் பங்கு கொள்வதே இல்லை. நம் விரலின் ஆணையும் ரிமோட்டிலிருந்து வானொலி அலையாக நேரே விமானத்திற்குச் செல்கிறது. டேப்லெட் காட்சியைக் காட்டும் சன்னல். அமைப்புகளை மாற்றும் மேசை. அவ்வளவே.

இதற்கு விலக்குகள் இரண்டு உண்டு. முதலாவது, தனி ரிமோட் இல்லாமல் திரையைத் தொட்டே ஓட்டும் சிறு டிரோன்கள். இவற்றில் டேப்லெட் அணைந்தால் தொடர்பே அறுந்துவிடும். தொடர்பு அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று முன்னரே அமைத்தபடி டிரோன் நடந்துகொள்ளும். இரண்டாவது, வரிசைப் பயணம். ஆர்டுபைலட், பி.எக்ஸ்.4 போன்றவற்றில் பயணத் திட்டம் முழுவதும் புறப்படுமுன்னரே விமானத்தில் பதிவாகிவிடும். வேறு சில செயலிகளிலோ டேப்லெட்டே அவ்வப்போது அடுத்த ஆணையை அனுப்புகிறது. எங்கள் டிரோன் பாதி வழியில் நின்றது இதனாலேயே. உங்கள் செயலி எவ்வகையைச் சேர்ந்தது என்பதைப் பறக்கவிடுமுன் அறிந்துகொள்ளுங்கள்.

பழைய கருவி எங்கே தளர்கிறது?

களத்திலிருந்து திரும்பியபின் டேப்லெட்டை ஆய்வக மேசையில் வைத்துச் சோதித்தோம். தளர்ச்சிக்கு மூன்று காரணங்கள் தென்பட்டன.

முதலாவது, காட்சிப் படம். 1920 பெருக்கல் 1080 அளவுள்ள ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 30 படம் எனின், நொடியொன்றுக்கு ஆறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளை டேப்லெட் வரைய வேண்டும். அவை சுருக்கப்பட்ட வடிவில் வருகின்றன. விரித்தெடுக்கும் வேலைக்கென்று டேப்லெட்டில் தனிப் பகுதி உண்டு. 2003-இல் வந்த எச்.264 என்னும் சுருக்க முறைக்குப் பழைய கருவிகளிலும் அப்பகுதி இருக்கும். 2013-இல் வந்த எச்.265 முறைக்குப் பல பழைய கருவிகளில் அது இல்லை. அப்போது பொது வேலைக்கான பிராசசரே அதனையும் சுமக்கிறது. சுமக்கச் சுமக்கச் சுடுகிறது. ஓரளவுக்கு மேல் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. காட்சி தயங்குவது அப்போதுதான். ஐபேடுக்கு ஏற்ற சூழல் வெப்பம் 35 டிகிரி வரை என்றே அதனைச் செய்வோர் குறித்திருக்கின்றனர். எடாவாவின் நண்பகலுக்கு அவ்வெல்லை போதாது.

இரண்டாவது, நினைவகம். 2 கிகாபைட் நினைவகமுள்ள கருவியில் ஒரு பகுதியை இயங்குதளமே எடுத்துக்கொள்ளும். எஞ்சியதில் காட்சியும், நிலப்படமும், பறப்புப் பதிவும் இடம்பெற வேண்டும். அந்நேரத்தில் அஞ்சல் செயலியும் அரட்டைச் செயலியும் பின்னணியில் விழித்துக்கொண்டால் இடம் போதாது. இயங்குதளம் ஏதேனும் ஒரு செயலியை மூடிவிடும். அது நம் செயலியாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, பேட்டரி. லித்தியம் அயான் பேட்டரி மூப்படையும்போது அதன் உள்தடை பெருகுகிறது. எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு: மின்னழுத்தம் 3.7 வோல்ட், மின்னோட்டம் 2 ஆம்பியர் என்று கொள்வோம். உள்தடை 0.1 ஓம் எனின் 0.2 வோல்ட் குறைந்து 3.5 கிடைக்கும். தடை 0.3 ஓமாக வளர்ந்திருந்தால் 0.6 குறைந்து 3.1 தான் கிடைக்கும். கருவியின் கீழெல்லை 3.2 வோல்ட் ஆனால் அது உடனே அணைந்துவிடும். மின்னூட்டம் மீதியிருந்தும் அணைந்தது இவ்வாறே. விழுக்காட்டு எண்ணை மட்டும் நம்பி நாங்கள் ஏமாந்தோம்.

செய்ய வேண்டுவன

காரணம் தெரிந்தபின் மருந்து எளிது. நாங்கள் செய்தவற்றை வரிசையாகக் கூறுகிறேன்.

டேப்லெட்டிலிருந்த பழைய கோப்புகளை வேறிடத்திற்கு மாற்றியபின், அதனை முற்றிலும் அழித்துப் புதிதாக அமைத்தோம். டிரோன் செயலி ஒன்றைத் தவிர வேறெதையும் ஏற்றவில்லை. சேமிப்பிடம் நிறைந்துவிட்டால் எழுதும் வேகம் குறையுமாதலால் ஐந்தில் ஒரு பங்கையேனும் காலியாக விட்டோம். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை நிறுத்தினோம். களத்திற்குப் புறப்படும் முந்தைய இரவில் எதனையும் புதுப்பிக்கக் கூடாது என்பதையும் விதியாகக் கொண்டோம்.

நிலப்படத்தை விடுதியிலேயே இறக்கி வைத்துக்கொண்டோம். களத்தில் இணையத்தையும் அறிவிப்புகளையும் நிறுத்தினோம். செயலியின் அமைப்பில் காட்சியை 1280 பெருக்கல் 720 ஆகக் குறைத்தோம். புள்ளிகள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. இதனால் ஆய்வுப் படத்தின் தரம் குறையுமோ என்று அஞ்ச வேண்டா. ஆய்வுப் படம் டிரோனிலுள்ள நினைவு அட்டையில் முழு அளவில் பதிகிறது. திரைக்கு வருவது அதன் சிறு நகல்தான். அந்நகலையும் டேப்லெட் தனியே சேமித்துக்கொண்டிருந்தது, அதனையும் நிறுத்தினோம். சுருக்க முறையைத் தேர்ந்துகொள்ளும் வசதி இருப்பின் எச்.264 முறையைத் தேர்க.

வெப்பத்திற்கு முதல் மருந்து நிழலே. கறுப்பு உறையைக் கழற்றிவிட்டு, குடை நிழலில் நின்றோம். ரிமோட் வழியே டேப்லெட் மின்னேற்றம் பெறுவதும் சூட்டைக் கூட்டும். முடியுமாயின் அதனை நிறுத்துக. ஒரு நண்பர் ஐஸ் பையின்மேல் வைக்கலாம் என்றார். அது கூடாது. திடீரெனக் குளிர்ந்தால் ஈரம் கோத்துக்கொள்ளும். ஈரம் மின்சாதனத்திற்குப் பகை.

இறுதியாக, ஒத்திகை. புறப்படுமுன் விசிறிகளைக் கழற்றிவிட்டு, டிரோனைத் தரையில் வைத்து, செயலியை 20 நிமிடம் ஓடவிட்டோம். பறக்காத டிரோன் காற்றோட்டமின்றித் தானும் சூடாகுமாதலால் அதன் எதிரே ஒரு மின்விசிறியை வைத்தோம். இவ்வொத்திகையில் டேப்லெட் தேறாவிடின் களத்திலும் தேறாது. இதனோடு, பறப்பின் நடுவே டேப்லெட்டை அணைத்துவிட்டதாகப் பாவித்து, ரிமோட்டை மட்டும் கொண்டு டிரோனை இறக்கவும் பழகினேன். திறந்த வெளியில், தாழ்ந்த உயரத்தில், கண்ணுக்கெதிரே இதனைப் பழகுக. திரும்பி வரும் உயரம் சுற்றியுள்ள மரங்களுக்கும் கம்பங்களுக்கும் மேலாக இருக்கும்படி முன்னரே அமைத்துக்கொள்வதும் இன்றியமையாதது.

கைவிட வேண்டிய நேரம்

இவ்வளவும் செய்தபின்னும் சில கருவிகளை ஒதுக்கித்தான் ஆக வேண்டும். இயங்குதளம் பழையதாகி, செயலி அதில் ஏற மறுத்தால், முகமறியாத தளங்களிலிருந்து பழைய பதிப்பை இறக்கி ஏற்றும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அது வேண்டா. அக்கோப்பில் யார் என்ன கலந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. பேட்டரி உப்பித் திரை சற்றே எழும்பியிருந்தால் அக்கருவியைத் தொடவே கூடாது. தனி ரிமோட் இல்லாத டிரோனுக்கும் பழைய டேப்லெட்டைப் பயன்படுத்த வேண்டா என்பேன். அங்கே டேப்லெட் சன்னல் அன்று, கடிவாளம்.

நிற்க. எங்கள் ஆய்வு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மே மாதம் மறுபடியும் எடாவா சென்றோம். அதே டேப்லெட்; அதே டிரோன். விடியற்காலை குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் சூரியன் தாழ்ந்திருப்பதால் பள்ளங்கள் முழுவதும் நிழல் நிறைந்துவிடும். நண்பகலில் நிழல் இல்லை. ஆனால் டேப்லெட் தாங்காது. ஆதலின் இரண்டிற்கும் இடைப்பட்டதாகக் காலை 8 மணிக்கும் 9 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு, ஒரே மூச்சில் பறக்காமல் மூன்று சிறு பறப்புகளாகப் பிரித்துக்கொண்டோம். இரண்டு பறப்புகளுக்கிடையே டேப்லெட் வேப்பமர நிழலில் ஆறிற்று. சில பள்ளங்களின் அடியில் நிழல் விழுந்துதான் இருந்தது. அவ்விடங்களைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. எனினும் மழைக்கு முன் வேண்டிய படம் கிடைத்துவிட்டது.

அன்றும் அந்த முதியவர் உடன் வந்திருந்தார். அவர் டேப்லெட்டை ஒருமுறையும் பார்க்கவில்லை. மூன்று பறப்புகளின்போதும் கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு டிரோனையே பார்த்துக்கொண்டிருந்தார். நண்பர்களே, பழைய டேப்லெட்டோடு களத்திற்குச் செல்லும்போது அத்தகைய ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.