ஃபேன்டசி கூடைப்பந்து அணியை எடைபோடுதல்: பலம், பலவீனம், டிரேடு

ஃபேன்டசி கூடைப்பந்து என்பது உண்மையான ஆட்டக்காரர்களைக் கொண்டு அமைக்கும் கற்பனை அணிகளுக்கு இடையே நடக்கும் போட்டி. அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் ஒருவர் எடுக்கும் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் எல்லாம் அவரைத் தன் பட்டியலில் வைத்திருப்பவரின் கணக்கில் சேரும். இந்த வகை ஆட்டம் பரவலானது பேஸ்பாலின் வழியாக. 1980-இல் டேனியல் ஓக்ரெண்ட் என்ற பத்திரிகையாளரும் அவருடைய நண்பர்களும் நியூயார்க்கில் நடத்திய லீக் அதற்கு முன்மாதிரி. கூடைப்பந்துக்கு அது பிறகு வந்தது.

இந்தியாவில் இதை ஆடுவதற்கு இன்று இலவச லீக்தான் வழி. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்தது. யாஹூ, இஎஸ்பிஎன் போன்ற தளங்களில் நண்பர்கள் சேர்ந்து பருவம் முழுக்க நடத்தும் லீக்கில் பணத்துக்கு வேலையில்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஆடப்படுவதும் அந்த வகையே. கீழே உள்ளவை அப்படி ஆடிய பருவங்களில் தேறிய பாடங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: ஓர் ஆட்டக்காரரின் மதிப்பு அவர் பெயரில் இல்லை, அவர் சேரும் அணியின் தேவையில் இருக்கிறது.

விதியைப் படிப்பது

அணியைப் பார்ப்பதற்கு முன் லீக்கின் விதியைப் பார்க்க வேண்டும். இரண்டு முறைகள் பரவலாக உள்ளன. ஒன்றில் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. எல்லாவற்றையும் கூட்டி அதிகம் பெற்றவர் வெல்வார். மற்றொன்றில் ஒன்பது பிரிவுகள் தனித்தனியாக ஒப்பிடப்படும். புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), பிளாக் (எறிவதைத் தடுப்பது), மூன்று புள்ளிக் கூடை, கூடை எறியும் சதவீதம், ஃப்ரீ த்ரோ சதவீதம், டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது) என்பவை அவை. கடைசிப் பிரிவில் மட்டும் எண்ணிக்கை குறைந்தவருக்கு வெற்றி.

ஒரே ஆட்டக்காரர் இரண்டு முறைகளிலும் ஒரே மதிப்புப் பெறுவதில்லை. 2024-25 பருவத்தில் ட்ரே யங் ஆட்டத்துக்குச் சராசரியாக 11.6 அசிஸ்ட் கொடுத்து லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். அதே பருவத்தில் ஆட்டத்துக்கு 4.7 முறை பந்தை எதிரணியிடம் இழந்தார். மதிப்பெண் முறையில் அந்த இழப்பு சிறு கழிவாகப் போய்விடும். ஒன்பது பிரிவு முறையில் அவர் ஒருவரே டர்ன்ஓவர் பிரிவைத் தோற்கவைக்கலாம்.

இனி வருவது ஒன்பது பிரிவு முறையைப் பற்றியது. அணியை எடைபோடும் வேலை அதில்தான் நுட்பமானது. வாரந்தோறும் ஓர் எதிராளியோடு மோதும் இந்த ஆட்டத்தில் ஒன்பதில் ஐந்தை வென்றால் அந்த வாரம் கைக்கு வந்துவிடும்.

பலத்தை அளப்பது

பருவத்துக்கு முன் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முடிந்ததும் பெரும்பாலோர் தங்கள் பட்டியலில் எத்தனை நட்சத்திரங்கள் உண்டு என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. பருவம் தொடங்கி மூன்று நான்கு வாரங்கள் ஆனபின், ஒவ்வொரு பிரிவிலும் அணி லீக்கில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பதே முதல் வேலை. 12 அணிகள் உள்ள லீக்கில் அசிஸ்டில் 1, ஸ்டீலில் 3, பிளாக்கில் 10 என்று எழுதியதும் அணியின் உருவம் தெளிவாகத் தெரியும். இதே கணக்கை மற்ற 11 அணிகளுக்கும் எழுதிவைத்தால் பின்னால் டிரேடு, அதாவது ஆட்டக்காரர் பரிமாற்றம், பேசும்போது அதுவே கையேடாகும்.

தனி ஆட்டக்காரரை மதிப்பிடும்போது ஒரு பிரிவில் எண்கள் எவ்வளவு அரிது என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். புள்ளிகள் எங்கும் கிடைக்கும். பிளாக்கும் ஸ்டீலும் கிடைப்பது கடினம். விக்டர் வெம்பன்யாமா 2024-25இல் ஆட்டத்துக்கு 3.8 பிளாக் செய்தார். அதே பருவத்தில் டைசன் டேனியல்ஸ் ஆட்டத்துக்கு 3 ஸ்டீல் எடுத்தார். ஒரே ஆளால் ஒரு பிரிவையே தூக்கி நிறுத்த முடியும் என்பதற்கு இருவரும் சாட்சி. இதை எண்ணால் சொல்ல வேண்டுமானால், ஆட்டக்காரரின் சராசரியிலிருந்து லீக்கின் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும். இப்படிச் செய்தால் ஒன்பது பிரிவுகளும் ஒரே அளவுகோலுக்கு வந்துவிடும்.

சதவீதப் பிரிவுகளில் தனி எச்சரிக்கை தேவை. சதவீதம் எவ்வளவு என்பதோடு, எத்தனை முறை எறிகிறார் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. யானிஸ் அன்டெடோகூன்போ 2024-25இல் ஆட்டத்துக்குப் பத்துக்கும் அதிகமான ஃப்ரீ த்ரோ எறிந்து 61.7 சதவீதம் மட்டுமே போட்டார். ஒரு வாரத்தில் மற்ற எல்லோரும் சேர்ந்து 100-க்கு 80 போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆட்டங்களில் அவர் 32-க்கு 20 போட்டால் அணியின் மொத்தம் 132-க்கு 100 ஆகும். 80 சதவீதத்தில் இருந்த அணி 76-க்கு வந்துவிடும். இதே 61.7 சதவீதத்தை வாரத்துக்கு நாலு ஃப்ரீ த்ரோ மட்டும் எறியும் ஒருவர் வைத்திருந்தால் அணிக்குப் பெரிய நஷ்டம் இல்லை.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது களத்தில் நிற்கும் நிமிடங்கள். திடீரென இரண்டு வாரம் கூடை மழை பொழியும் ஒருவர் முன்பு போலவே 24 நிமிடம்தான் ஆடுகிறார் என்றால், அந்த மழை ஓயும். எறிவது சரியாக விழாமல் தடுமாறும் ஒருவர் 35 நிமிடம் ஆடிக்கொண்டிருந்தால், பொறுத்திருக்கலாம்.

பலவீனத்தைப் பிரிப்பது

பலவீனங்களில் சரிசெய்யத்தக்கது உண்டு, கைவிடத்தக்கது உண்டு. ஏழாம் எட்டாம் இடத்தில் உள்ள பிரிவு சரிசெய்யத்தக்கது. ஓர் ஆளை மாற்றினாலே இரண்டு மூன்று இடம் மேலே ஏறலாம். பன்னிரண்டாம் இடத்தில், அதுவும் பதினோராவது அணிக்கு வெகுதூரம் பின்னால் கிடக்கும் பிரிவில் நல்ல ஆட்டக்காரரைக் கொண்டுவந்து சேர்ப்பது வீண் செலவு. அதேபோல், முதலிடத்தில் வெகுதூரம் முன்னால் நிற்கும் பிரிவில் மேலும் சேர்ப்பதிலும் பயனில்லை. ஒரு பிரிவை நூலிழையில் வென்றாலும் நாற்பது எண்ணில் வென்றாலும் கிடைப்பது ஒரே வெற்றிதான்.

ஒரு பிரிவைத் தெரிந்தே விட்டுவிடும் உத்தியை ஆடுபவர்கள் பன்ட் என்கிறார்கள். யானிஸ் கையில் இருந்தால் ஃப்ரீ த்ரோ சதவீதத்தை விட்டுவிடுவது இயல்பான முடிவு. அப்போது, அந்த ஒரு குறைக்காக மற்றவர்கள் தயங்கும் ரூடி கோபேர் போன்ற உயரமான சென்டர்கள் மலிவாகக் கிடைப்பார்கள். அவர்கள் ரீபவுண்ட், பிளாக், கூடை எறியும் சதவீதம் மூன்றையும் உயர்த்துவார்கள். இதன் மறுபக்கமும் உண்டு. ஸ்டீபன் கரியின் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஃப்ரீ த்ரோ அந்த அணிக்குப் பயன்படாது. அந்தத் திறமைக்கும் சேர்த்து விலை தரத் தயாராக லீக்கில் வேறொருவர் இருப்பார். கரியை அவரிடம் கொடுப்பது லாபம்.

விட்டுவிடும் பிரிவுகள் இரண்டைத் தாண்டக் கூடாது. மூன்றை விட்டால் மீதமுள்ள ஆறில் ஐந்தை ஒவ்வொரு வாரமும் வென்றாக வேண்டும். ஒரு காயம் வந்தால் கணக்கு உடைந்துவிடும்.

காயமே தனிப் பலவீனம். ஜோயல் எம்பீட் 2023-24இல் ஆட்டத்துக்கு 34.7 புள்ளி எடுத்தார். ஆனால் 82 ஆட்டங்களில் 39 மட்டுமே ஆடினார். அடுத்த பருவத்தில் ஆடியது 19. வெம்பன்யாமாவின் 2024-25 பருவம் தோளில் ஏற்பட்ட ரத்தக்கட்டியால் 46 ஆட்டங்களோடு பிப்ரவரியில் முடிந்தது. ஆட்டச் சராசரியை மட்டும் பார்த்து அணியை எடைபோட்டால் இந்த ஓட்டை தெரியாது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கடந்த மூன்று பருவங்களில் அவர் ஆடிய ஆட்டங்களை எழுதிவைப்பது நல்லது. அடிக்கடி காயப்படுபவர் ஒருவர் அணியில் இருக்கலாம். முதல் நான்கு பேரில் இருவர் அப்படி இருந்தால் பருவமே சூதாட்டமாகிவிடும்.

காஞ்சிபுரத்துக் கடிகாரம்

இந்தியாவிலிருந்து ஆடுபவருக்கு இன்னொரு பலவீனம் கூடவே வருகிறது: நேரம். நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை நியூயார்க் நேரம் இந்திய நேரத்துக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். அங்கே இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலை 5:30-க்கு வரும். மேற்குக் கடற்கரை ஆட்டங்கள் தொடங்கும்போது தெருவில் தறிச் சத்தம் கேட்கத் தொடங்கியிருக்கும். காலை 9 மணி ஆகிவிடும். பருவத்தின் முதல் வாரங்களிலும், மார்ச் இரண்டாம் ஞாயிறுக்குப் பிறகும் எல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் நகரும். லீக்கின் வாரம் அமெரிக்கத் திங்களில் தொடங்குவதால் இங்கே அது செவ்வாய் விடியலில் தொடங்கித் திங்கள் பகலில் முடியும்.

இதற்கான வழக்கம் எளியது. அணிகளின் காலைப் பயிற்சியையொட்டி வரும் காயச் செய்திகள் இங்கே இரவு 9 மணிக்குப் பிறகு வரத் தொடங்கும். படுக்கப்போகும் முன் அவற்றைப் பார்த்து அடுத்த நாளின் ஆட்டக்காரர்களை அமர்த்திவிட வேண்டும். ஆடுவது சந்தேகம் என்று குறிக்கப்பட்டவருக்குப் பதில் உறுதியாக ஆடுபவரை வைப்பதே மேல். கடைசி நிமிட முடிவு வரும் நேரத்தில் விழித்திருப்பவர்கள் அமெரிக்காவில் இருப்பவர்கள். அவர்களோடு அந்தப் போட்டியில் இறங்கக் கூடாது.

டிரேடு

டிரேடின் நன்மையைச் சோதிக்க ஒரே வழி, அது நடந்தபின் ஒன்பது பிரிவுகளிலும் அணியின் இடம் எப்படி மாறும் என்று எழுதிப் பார்ப்பது. ஓர் எடுத்துக்காட்டு: ஓர் அணி வாரத்துக்கு 200 அசிஸ்டோடு முதலிடத்தில் இருக்கிறது, இரண்டாம் அணிக்கு 160. பிளாக்கில் அந்த அணி பத்தாவது. அது ட்ரே யங்கைக் கொடுத்து மைல்ஸ் டர்னரை வாங்குகிறது என்று கொள்வோம். 2024-25 சராசரிப்படி மூன்று ஆட்ட வாரத்தில் சுமார் 35 அசிஸ்ட் போகும். மீதமுள்ள 165-இல் முதலிடம் நிலைக்கும். டர்னர் ஆட்டத்துக்கு 2 பிளாக் வீதம் 6 கொண்டுவருவார். யங்கின் 14 டர்ன்ஓவர் போய்விடும். நஷ்டம், வாரத்துக்கு ஏறக்குறைய 26 புள்ளி. புள்ளிப் பிரிவில் அந்த அணி அதைத் தாங்கும் என்றால் டிரேடு நல்லது. பெயரை மட்டும் பார்த்தால் எல்லோரும் இதைத் தவறு என்பார்கள்.

ஒருவருக்கு இருவர் என்ற டிரேடில் மறைந்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு. இருவரைக் கொடுப்பவருக்கு ஓர் இடம் காலியாகும். வாங்குபவர் தன் பட்டியலில் ஒருவரைக் கைவிட வேண்டும். 12 அணி, அணிக்கு 13 பேர் என்றால் 156 பேர் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருப்பார்கள். காலி இடத்தில் வரப்போகிறவர் மீதியில் இருப்பவரே. ஆகவே ஒப்பிட வேண்டியது "கொடுத்த இருவர்" எதிர் "வாங்கிய ஒருவரும் அந்தப் புதியவரும்".

இதற்குத் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த உதாரணம், கிரிக்கெட்டில் சென்னை சூப்பர் கிங்ஸ். 2025 ஐபிஎல்லில் 14 ஆட்டங்களில் 4 வெற்றியோடு முதன்முறையாகக் கடைசி இடம் பிடித்த அணி, அந்த ஆண்டு நவம்பரில் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியது. தோனிக்குப் பிறகான விக்கெட் கீப்பர், மேல்வரிசை பேட்டர் என்ற இரண்டு தேவைகளுக்கு ஒரே ஆளில் விடை கிடைத்தது. இடதுகைச் சுழல் ஆல்ரவுண்டரின் இடம் காலியானது. டிசம்பர் ஏலத்தில் பிரசாந்த் வீர் என்ற இளம் இடதுகைச் சுழல் ஆல்ரவுண்டருக்கு சென்னை 14.20 கோடி ரூபாய் கொடுத்ததை அந்த ஓட்டையோடு சேர்த்தே படிக்க வேண்டும். டிரேடின் முழு விலை, அது திறந்துவிடும் இடத்தை நிரப்பிய பிறகே தெரியும்.

பேச்சைத் தொடங்குவதற்கு முன் எதிராளியின் தாளைப் பார்க்க வேண்டும். அவருக்கு அசிஸ்ட் குறைவு, பிளாக் மிச்சம் என்றால், "உனக்கு பாயின்ட் கார்டு வேணும், எனக்கு சென்டர் வேணும், பேசலாமா?" என்ற ஒரு வரிச் செய்தி போதும். அடிமாட்டு விலையில் தொடங்கினால் அடுத்த நல்ல யோசனையையும் அவர் படிக்க மாட்டார். நண்பர்கள் லீக்கில் இது இன்னும் உண்மை: அதே ஆளோடு அடுத்த பருவத்திலும் பேச வேண்டும்.

எப்போது பேசுவது என்பதும் முக்கியம். சில வாரம் கூடை மழை பொழிந்த ஆட்டக்காரரைக் கொடுக்கவும், நிமிடம் குறையாமல் தடுமாறுபவரை வாங்கவும் நவம்பர், டிசம்பர் ஏற்ற காலம். என்பிஏ அணிகளே டிரேடு செய்யும் பிப்ரவரியை ஒட்டி எச்சரிக்கை தேவை. 2025 பிப்ரவரி தொடக்கத்தில் லூகா டொன்சிச் லேக்கர்ஸுக்கும் அந்தோனி டேவிஸ் டாலஸுக்கும் மாறினார்கள். புதிய அணியில் தன் முதல் ஆட்டத்திலேயே டேவிஸ் 26 புள்ளி, 16 ரீபவுண்ட் எடுத்தார். அதே ஆட்டத்தில் காயப்பட்டு வெளியேறினார். அணி மாறியவரின் பங்கு என்ன ஆகும் என்பது ஒன்றிரண்டு வாரம் கழித்தே தெரியும்.

பிளேஆஃப் வாரங்கள்

ஃபேன்டசி லீக்கின் பிளேஆஃப் பெரும்பாலும் மார்ச்சில் வரும். அந்த வாரங்களில் ஒவ்வொரு என்பிஏ அணிக்கும் எத்தனை ஆட்டம் என்று டிரேடுக் கெடுவுக்கு முன்பே பார்த்துவைக்க வேண்டும். வாரத்துக்கு நான்கு ஆட்டம் உள்ளவர், இரண்டு ஆட்டம் உள்ள அவரைவிடச் சிறந்த ஆட்டக்காரரைக் காட்டிலும் பெரும்பாலும் அதிகம் தருவார். வாய்ப்பிழந்து பட்டியலின் அடியில் கிடக்கும் என்பிஏ அணிகள் மார்ச்சில் மூத்தவர்களை உட்காரவைத்து இளையவர்களை ஆடவிடும். மேலே பாதுகாப்பாக நிற்கும் அணிகளும் நட்சத்திரங்களுக்கு ஓய்வு கொடுக்கும். இடத்துக்காகக் கடைசிவரை போராடும் நடுவரிசை அணிகளின் ஆட்டக்காரர்களே அப்போது நம்பகமானவர்கள். கெடு தாண்டியதும் டிரேடு முடிந்துவிடும். மீதி நாட்களில் அணியை மாற்றும் ஒரே வழி, பட்டியலின் கடைசி ஓரிரு இடங்களை எடுக்கப்படாத ஆட்டக்காரர்களுக்காகத் திறந்து வைத்திருப்பது.